பத்து நாள் ஒப்பந்தமும் 13 அணிகளும்: மருமகனுக்கு இஷ் ஸ்மித்தின் கதையைச் சொல்லலாமா?

#1 | உவர்மலை | ஞாயிறு இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம். இதை எழுதுவது அக்காவின் மகனுக்காக. வயது 18. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிறான். கூடைப்பந்து என்றால் சாப்பாடு வேண்டாம் அவனுக்கு. இரண்டு வருடத்தில் மூன்று கழகங்களுக்கு ஆடிவிட்டான். முதல் கழகத்தில் ஆள் கூடிவிட்டது என்று விட்டார்கள். இரண்டாவதில் பயிற்றுவிப்பாளர் மாறினார், புதியவர் தான் பழக்கிய பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். மூன்றாவது கழகம் போன வாரம் சுற்றுப்போட்டிக்குப் பெயர்ப்பட்டியல் போட்டது. இவன் பெயர் இல்லை. வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, "இனி நான் போகமாட்டன் மாமா. ஒரு இடத்திலயும் நிலைக்காதவன் ஆட்டக்காரனே இல்ல" என்றான்.

எனக்கு உடனே இஷ் ஸ்மித் ஞாபகம் வந்தது. அமெரிக்காவின் என்.பி.ஏ. என்ற தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கில் ஆடியவர். 2023 ஜூன் 13, செவ்வாய்க்கிழமை காலை. அமெரிக்காவில் அது 12ஆம் திகதி இரவு. அவருடைய டென்வர் நகெட்ஸ் அணி இறுதிச் சுற்றில் மயாமி ஹீட்டை 4-1 என்று முடித்துக் கிண்ணத்தை வென்றது. நான் வேலைக்குப் பிந்தினாலும் பரவாயில்லை என்று போனைப் பிடித்துக்கொண்டு குந்தில் இருந்தேன். எல்லோரும் டென்வரின் நட்சத்திரம் யோகிச்சைப் பார்த்த நேரம் நான் தேடியது வாங்கில் இருந்த இந்த மனிதரை. இறுதிச் சுற்றில் அவர் இறங்கியதே அருமை. ஆனால் கிண்ணம் அவருக்கும் சேர்த்துத்தான்.

1988இல் சார்லட் நகரில் பிறந்தவர். உயரம் ஆறு அடி. நம் தெருவில் அது உயரம், அந்த உலகத்தில் குட்டை. வேக் ஃபொரஸ்ட் பல்கலைக்கழகத்துக்கு ஆடினார். 2010இல் புதியவர்களைத் தெரிவு செய்யும் இரவில் 60 பெயர்கள் வாசித்தார்கள், அவர் பெயர் வரவில்லை. ஹூஸ்டன் ரொக்கெட்ஸ் தெரிவுக்கு வெளியே சேர்த்துக்கொண்டது, அந்தப் பருவம் முடியுமுன் மெம்பிஸுக்கு மாற்றிவிட்டது. பிறகு கோல்டன் ஸ்டேட், ஒர்லாண்டோ, மில்வோக்கி, ஃபீனிக்ஸ், ஒக்லஹோமா, ஃபிலடெல்பியா, நியூ ஓர்லியன்ஸ், டெட்ராய்ட், வாஷிங்டன், சார்லட், டென்வர். சிலவற்றுக்கு இரண்டு தடவை. எண்ணினால் 13 அணிகள். அவருக்கு முன் 12 அணிகளுக்கு ஆடியவர்கள் நான்கு பேர்: சக்கி பிரவுன், ஜிம் ஜாக்சன், டோனி மசன்பேர்க், ஜோ ஸ்மித். 2022 ஒக்டோபரில் டென்வருக்கு இறங்கியபோது அவர்களைத் தாண்டினார்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் 2015 நத்தார். ஃபிலடெல்பியா அந்தப் பருவத்தின் முதல் 31 ஆட்டங்களில் ஒன்றை மட்டும் வென்றிருந்தது. அப்படியொரு அணியை யாரும் கண்டதில்லை. நத்தாருக்கு முதல் நாள், இரண்டாம் சுற்றுத் தெரிவுகள் இரண்டை, அதாவது பின்னர் வரும் தெரிவு இரவுகளில் ஆள் எடுக்கும் உரிமையை, கொடுத்து நியூ ஓர்லியன்ஸிடமிருந்து இஷ் ஸ்மித்தை வாங்கினார்கள். முந்திய பருவத்தின் முடிவில் அவரைப் போகவிட்டதும் இதே ஃபிலடெல்பியாதான்! இரண்டு நாளில் ஃபீனிக்ஸில் ஆட்டம். இறங்கினார், அணி வென்றது. பருவம் 10 வெற்றியோடுதான் முடிந்தது, அதை மறைக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு டெட்ராய்ட் அவருக்கு மூன்று வருடத்துக்கு 18 மில்லியன் டொலர் ஒப்பந்தம் கொடுத்தது. ஆறு வருடமாகப் பெட்டியைக் கட்டிக்கொண்டு திரிந்தவர், ஒரே ஊரில் மூன்று வருடம் இருக்கலாம் என்று தெரிந்த முதல் இரவு எப்படித் தூங்கியிருப்பார் என்று நான் பல தடவை யோசித்ததுண்டு.

என் கேள்வி இதுதான். இந்தக் கதையை மருமகனுக்குச் சொல்வது சரியா? இல்லை, பொய் நம்பிக்கை கொடுக்கிறேனா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


#2 | ஸ்காபரோ கோணமலையான் | ஞாயிறு இரவு 10.40

அண்ணா, கட்டாயம் சொல்லுங்கள். கூடவே பி. ஜே. டக்கரையும் சொல்லுங்கள். இவரை நான் என் கண்ணால் பார்த்தவன்.

2006 தெரிவில் 35ஆவது ஆளாக எங்கள் ரொறன்ரோ ராப்டர்ஸ் எடுத்தது. டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் பெரிய பெயர். இங்கே 17 ஆட்டங்கள், அதிலும் ஒவ்வொரு தடவையும் சில நிமிடங்கள். 2007 வசந்தத்தில் விட்டுவிட்டார்கள். எனக்கு அப்போது கனடா வந்து கொஞ்சக் காலம், டிக்கெட்டுக்குக் காசு சேர்த்து மேல் தட்டில் இருந்து பார்ப்பேன். அவர் போனதை நான் கவனிக்கக்கூட இல்லை.

மனிதன் எங்கே போனார் தெரியுமா? இஸ்ரேலில் ஹப்போயெல் ஹோலோன். 2008இல் அந்தச் சின்னக் கழகம் மக்காபி டெல் அவிவின் நீண்ட ஆதிக்கத்தை முடித்து லீக்கை வென்றது. பிறகு உக்ரைன், கிரேக்கம், இத்தாலி, ஜேர்மனி. 2012இல் ஜேர்மனியின் பாம்பேர்க் அணியோடு சாம்பியன். ஐந்து வருடம் கடலுக்கு அந்தப்பக்கம். அந்த ஆண்டுதான் ஃபீனிக்ஸ் கூப்பிட்டது. என்.பி.ஏ.க்குள் திரும்பி வரும்போது வயது 27.

2017 பெப்ரவரியில் ஃபீனிக்ஸ் அவரை எங்களுக்கே மாற்றிக் கொடுத்தது. அன்று நான் மேல் தட்டில் இல்லை, கொஞ்சம் கீழே வந்திருந்தேன். அவர் இறங்கியபோது அரங்கம் எழுந்து கைதட்டியது. பத்து வருடத்துக்கு முன் கவனிக்காமல் விட்டவன் என்ற முறையில் நான் கூடுதலாகத் தட்டினேன். 2021இல் மில்வோக்கியோடு கிண்ணமும் வாங்கினார். பந்தை வைத்து வித்தை காட்டுகிறவர் இல்லை. எதிரணியின் மிகப் பெரிய ஆளைப் பிடிப்பார், மூலையில் நின்று மூன்று புள்ளி எறிவார், மற்றவர்கள் விரும்பாத வேலையைச் செய்வார். ஐரோப்பாவில் ஆட்டம் முழுக்க அவரை நம்பியே ஓடியது, திரும்பி வந்து அதை விட்டுக்கொடுத்தார்.


#3 | மனையாவெளி ரீச்சர் | திங்கள் காலை 6.05

நான் கொஞ்சம் மாறிப் பேசப் போகிறேன், இரண்டு பேரும் கோபிக்க வேண்டாம்.

நான் விளையாட்டுத் துறை ஆசிரியை. வலைப்பந்து ஆடினவள். 24 வயதில் முழங்காலுக்குள் நார் அறுந்து பத்து மாதம் படியேற முடியாமல் இருந்தேன். அதனால் இந்தக் கதைகளை வாசிக்கும்போது எனக்குக் கதையில் வராத பிள்ளைகள்தான் ஞாபகம் வருவார்கள்.

கணக்கைப் பாருங்கள். என்.பி.ஏ.யில் 30 அணிகள், அணிக்கு 15 நிரந்தர இடம். 450 பேர். மேலேயும் கீழ் லீக்கிலும் மாறி மாறி ஆடுகிறவர்களுக்கான இரு வழி ஒப்பந்தம் அணிக்கு மூன்று, அதைச் சேர்த்தாலும் 540. அவ்வளவுதான் உலகம் முழுவதற்கும். இஷ் ஸ்மித் 13 அணிகளுக்கு ஆடியதை நாம் கதைக்கிறோம். அவரோடு 2010இல் பெயர் வாசிக்கப்படாமல் வீட்டுக்குப் போனவர்களைப் பற்றி யார் இழை தொடங்குகிறார்கள்?

நம் நாட்டில் கூடைப்பந்து முழுநேரத் தொழில் இல்லை. வங்கியிலோ நிறுவனத்திலோ முப்படையிலோ வேலை கிடைத்து, அந்த அணிக்கு ஆடலாம். அதுவே பெரிய விஷயம், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. உவர்மலை அண்ணா, உங்கள் மருமகனுக்கு வேண்டியது பரீட்சை முடிவு வந்ததும் அடுத்த படி என்ன என்ற தெளிவு. என்னிடம் வந்து அழுத பிள்ளைகள் இருக்கிறார்கள். "ரீச்சர், விடாமல் முயற்சி செய் எண்டு சொன்னீங்களே" என்று கேட்டவன் ஒருவன். அந்தக் கேள்விக்கு என்னிடம் இன்றுவரை நல்ல பதில் இல்லை.


#4 | கிண்ணியாக்காரன் | திங்கள் பகல் 1.20

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். சாப்பாட்டு இடைவேளையில் எழுதுகிறேன்.

நான் பந்து என்றால் காலால் அடிக்கிற ஊர்க்காரன். ஆனால் இந்தத் தலைப்பு என் தொழிலைப் பற்றியது, அதனால் வந்தேன். இப்படிப்பட்ட ஆட்டக்காரரை ஆங்கிலத்தில் 'ஜேர்னிமேன்' என்பார்கள். ஜேர்னி என்றதும் நாம் பயணம் என்று நினைத்து 'நாடோடி ஆட்டக்காரர்' என்று எழுதிவிடுகிறோம். அந்தச் சொல் பிரெஞ்சுக்காரரின் 'நாள்' என்ற சொல்லிலிருந்து வந்தது. ஒரு நாள் வேலை, ஒரு நாள் கூலி. தொழில் பழகி முடித்தவன், ஆனால் சொந்தப் பட்டறை இல்லாதவன், நாட்கூலிக்கு நிற்பவன். நம் கட்டட வேலையில் சொன்னால் கையாளும் இல்லை, கொந்திறாத்துக்காரரும் இல்லை. நடுவில் நிற்கும் மேசன். அவனிடம் கை இருக்கிறது, இடம் இல்லை.

நான் மாபிள் பதிக்கிறவன். கட்டாரில் ஒன்பது வருடம், மூன்று கம்பனி. ஒரு கம்பனியில் வேலை முடிந்ததும் அனுப்பிவிட்டார்கள், வேலை பிழை என்று இல்லை, கட்டடம் முடிந்துவிட்டது. இன்னொரு இடத்தில் பிலிப்பைன்ஸ் போர்மன் என் மட்டத்தைப் பார்த்துவிட்டு அடுத்த தளத்துக்கும் என்னையே கேட்டார். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் "இடம் மாறினான்" என்றுதான் தெரியும். மருமகனின் மூன்று கழகத்தையும் அப்படிப் பிரித்துப் பாருங்கள். முதல் இரண்டும் கட்டடம் முடிந்த கதை. மூன்றாவதில்தான் ஏன் பெயர் வரவில்லை என்று கேட்க வேண்டும். கேட்டானா?

ரீச்சர் சொன்ன 450இல் ஒரு பின்கதவு உண்டு. பத்து நாள் ஒப்பந்தம். ஜனவரி 5க்குப் பிறகு அணிகள் ஒருவரைப் பத்து நாளுக்கு, அல்லது மூன்று ஆட்டத்துக்கு, எது நீளமோ அதற்கு எடுக்கலாம். ஒரே அணி ஒரு பருவத்தில் ஒருவருக்கு இரண்டு தடவைதான் கொடுக்கலாம். மூன்றாம் தடவை என்றால் பருவம் முடியும்வரை வைத்துக்கொள்ள வேண்டும், இல்லையேல் விட வேண்டும். 'நாட்கூலி' என்ற சொல் இவ்வளவு பச்சையாக வேறு எந்த விளையாட்டிலும் இருக்கிறதா தெரியவில்லை.

பிலிப்பைன்ஸ்காரர்கள் எனக்குச் சொன்ன ஒரு பெயர், ஜஸ்டின் பிரவுன்லீ. இவரையும் 2011இல் என்.பி.ஏ. தெரிவில் யாரும் எடுக்கவில்லை. 2016இல் மணிலாவின் பரங்காய் ஜினேப்ரா அணி எடுத்திருந்த வெளிநாட்டு ஆளுக்குக் காயம், அவருக்குப் பதிலாக இவரை அழைத்தார்கள். பதிலாள். அந்த ஒக்டோபரில் கடைசி நொடியில் மூன்று புள்ளி எறிந்து எட்டு வருடமாக வராத கிண்ணத்தை வாங்கிக் கொடுத்தார். எங்கள் முகாமில் அன்றிரவு ஒரே போனில் அந்த எறிதலை எத்தனை தடவை போட்டார்களோ, எனக்கு மறுநாள் வேலை என்று கெஞ்ச வேண்டியிருந்தது. அந்தப் பதிலாளை அந்த அணி பிறகும் திரும்பத் திரும்ப அழைத்தது. 2023இல் பிலிப்பைன்ஸ் குடியுரிமை கொடுத்தது. அந்த வருடமே ஆசிய விளையாட்டில் தங்கம். 1962க்குப் பிறகு அவர்களுக்கு அது முதல் தங்கம்.


#5 | உவர்மலை | திங்கள் மாலை 4.50

நானா, நீங்கள் கேட்ட கேள்வியை நான் கேட்கவில்லை. அவனும் கழகத்தில் கேட்கவில்லை. இப்போது போய்க் கேட்கச் சொல்கிறேன்.

ரீச்சர், கோபம் இல்லை. முழங்கால் விஷயம் வாசித்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.


#6 | கல்லடிப் பாலம் | திங்கள் இரவு 8.15

மட்டக்களப்பிலிருந்து எழுதுகிறேன். கிழக்கு மாகாணத்தில் இந்தப் பந்து எப்படி வந்தது என்பதைச் சொல்லாமல் இதைக் கதைக்க முடியாது.

அமெரிக்க யேசு சபைத் துறவிகள் கொண்டுவந்த விளையாட்டு இது. எங்கள் வெபர் மைதானம் அவர்களில் ஒருவரின் பெயர்தான். புனித மிக்கேல் கல்லூரிப் பிள்ளைகளைப் பழக்கிய இயூஜின் ஹேபர்ட் அடிகளாரை எங்கள் அப்பா காலத்து ஆட்கள் இன்றும் கண் கலங்காமல் கதைக்க மாட்டார்கள். லூசியானாவிலிருந்து வந்தவர். 1990 ஆகஸ்ட் 15 அன்று மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் தன்னோடு வந்த தமிழர் ஒருவரோடு காணாமல் போனார். இன்றுவரை இருவரைப் பற்றியும் தகவல் இல்லை. அவர் பழக்கியவர்கள் அடுத்த தலைமுறையைப் பழக்கினார்கள். நான் அந்த வரிசையில் வந்தவன்.

இப்போது என் கதை. 22 வயதில் கொழும்பில் ஒரு நிறுவனம் தன் அணிக்கு என்னைக் கூப்பிட்டது. வேலையும் தருவோம் என்றார்கள். கணக்குப் பிரிவில் ஒரு மேசை கொடுத்தார்கள். காலையில் பற்றுச்சீட்டு அடுக்குவேன், மாலையில் பயிற்சி. தெமட்டகொடையில் ஒரு அறையில் நாலு பேர். எட்டு மாதம் நன்றாகப் போனது. சுற்றுப்போட்டியில் அரையிறுதியில் தோற்றோம். அடுத்த மாதம் மேசையில் வேறொருவர் இருந்தார். இரண்டு மாத ஆட்டப்படி வரவில்லை. கேட்டபோது, "அதை எங்கேயாவது எழுதியிருக்கிறதா?" என்று கேட்டார்கள். எழுதியிருக்கவில்லை. நான் மட்டக்களப்பு பஸ்ஸில் ஏறி வந்துவிட்டேன்.

அதனால் தம்பிக்கு நான் சொல்வது ஒன்றுதான், தாள். வெளிநாட்டுக் கழகங்களில் சம்பளம் நிற்பது புதிதில்லை. அதற்காகவே சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனம் 2007இல் ஜெனீவாவில் ஒரு நடுவர் மன்றம் அமைத்தது. ஆட்டக்காரர், முகவர், கழகம், யாரும் போகலாம். ஆனால் ஒப்பந்தத்தில் "பிணக்கு வந்தால் அந்த மன்றம்" என்ற வாசகம் இருக்க வேண்டும். அந்த ஒரு வரி இல்லாமல் கையெழுத்து வைத்தவர் அந்தக் கதவைத் தட்ட முடியாது.

உவர்மலை அண்ணா எழுதிய நால்வரில் ஜோ ஸ்மித் 1995 தெரிவில் முதல் ஆள். முதல் ஆள்! அவருக்கும் மினசோட்டா அணிக்கும் இடையில் சம்பளத்தைப் பற்றி இரகசிய உடன்பாடு ஒன்று இருந்தது. 2000இல் வெளியே வந்தது. அணிக்கு 3.5 மில்லியன் டொலர் தண்டம், முதல் சுற்றுத் தெரிவுகள் பறிப்பு. அவருடைய ஒப்பந்தமும் செல்லாமல் போனது. அதற்குப் பிறகுதான் அவருடைய நீண்ட அலைச்சல். தெரிவில் முதலாவதாக வந்தவரும் பெயரே வாசிக்கப்படாதவரும் ஒரே பட்டியலில் நிற்கிறார்கள்.

மசன்பேர்க்கையும் மறக்க வேண்டாம். 1990இல் அவரை எடுத்தது சான் அன்ரோனியோ. ஊரெல்லாம் சுற்றி, ஸ்பெயினும் போய், 2005இல் அதே சான் அன்ரோனியோவோடு கிண்ணம்.


#7 | திருக்கடலூர் | செவ்வாய் காலை 9.30

கடற்கரையில் இருந்து வந்தேன், வாசித்தேன். மேற்குக் கரை ஆட்கள் ஒவ்வொரு வருடமும் இந்தப் பக்கம் வந்து வாடி போடுவார்கள். வாடைக் காற்று தொடங்கி எங்கள் கடல் பொங்குமுன் பிரித்துக்கொண்டு போவார்கள். எங்கள் அப்பா அவர்களை ஒருநாளும் இடம் இல்லாதவர்கள் என்று சொன்னதில்லை. மீன் தெரிந்தவர்கள் என்பார். கல்லடிப் பாலத்து அண்ணன் சொன்ன தாள் விஷயம் எங்கள் தொழிலுக்கும் பொருந்தும். முன்பணம் வாங்கும்போது எழுதாமல் வாங்கிக் கெட்டவர்கள் எங்களிலும் உண்டு.


#8 | மனையாவெளி ரீச்சர் | செவ்வாய் மாலை 6.40

நேற்று எழுதியதிலிருந்து மனம் சரியில்லை. நான் சொன்ன கணக்கு சரிதான், அதை மாற்ற மாட்டேன். ஆனால் உவர்மலை அண்ணா எந்தக் கதையைச் சொல்லலாம் என்று கேட்டிருந்தார், அதற்கு நான் பதில் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன்.

ஆந்திரே இங்ரம். வாஷிங்டனில் பௌதிகவியல் படித்துப் பட்டம் வாங்கியவர். என்.பி.ஏ.க்குக் கீழே உள்ள லீக்கில் பத்துப் பருவம் ஆடினார். பத்து! அந்தக் காலத்தில் அங்கே ஒரு பருவத்துக்குச் சம்பளம் 19,000 அல்லது 26,000 டொலர். மனைவி, இரண்டு மகள்மார். பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக் கொடுத்து வீட்டை ஓட்டினார். ரியூஷன் மாஸ்டர். நம்மூரில் ரியூஷன் கொட்டில் இல்லாத ஒழுங்கை உண்டா? அதனால்தானோ என்னவோ, இவரை எனக்கு அந்நியராக நினைக்க முடிவதில்லை.

2018 ஏப்ரலில், பருவம் முடிய இரண்டு ஆட்டம் இருக்கும்போது, லொஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் கூப்பிட்டது. வயது 32, தலையில் நரை. 10ஆம் திகதி ஹூஸ்டனுக்கு எதிராக இறங்கி எட்டு எறிதலில் ஆறைப் போட்டு 19 புள்ளி எடுத்தார், அதில் நான்கு மூன்று புள்ளி. மறுநாள் இன்னோர் ஆட்டம், அத்தோடு பருவம் முடிந்தது. அடுத்த பருவம் மறுபடியும் பெரும்பாலும் கீழ் லீக்.

நான் இவரைத் தெரிந்தெடுத்ததற்குக் காரணம் அந்த 19 புள்ளி இல்லை. அந்த அழைப்பு வந்திராவிட்டாலும் அவருக்கு வீடு ஓடியிருக்கும், பட்டம் இருந்தது, கற்பிக்கத் தெரிந்திருந்தது. முயற்சி செய் என்று நான் சொல்லிக் கெட்டுப்போன அந்தப் பையனுக்கு இதைச் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

அப்புறம் ஒரு தகவல். என்.பி.ஏ.யில் ஓய்வூதியம் கிடைக்க மூன்று பருவச் சேவை வேண்டும். நம் சேமலாப நிதி மாதிரி முதல் மாதத்திலிருந்தே சேர்வதில்லை. இரண்டு பருவத்தோடு வெளியே போனவருக்கு அது இல்லை. பத்து நாள் ஒப்பந்தங்களை நம்பி நிற்பவர் ஏன் மூன்றாவது பருவத்துக்காக அவ்வளவு பாடுபடுகிறார் என்பது இதைத் தெரிந்தால் விளங்கும்.


#9 | ஸ்காபரோ கோணமலையான் | செவ்வாய் இரவு 9.55

ரீச்சர், இங்ரமின் அந்த இரவை நானும் பார்த்தேன். அரங்கமே அவருக்காகக் கத்தியது.

பத்து நாள் ஒப்பந்தம் என்றதும் எங்கள் பக்கத்துப் பிள்ளை ஒன்று ஞாபகம். சிம் புல்லர், ரொறன்ரோவில் பிறந்த பஞ்சாபிப் பையன், ஏழு அடி ஐந்து அங்குலம். 2015 ஏப்ரலில் சக்கரமெண்டோ பத்து நாளுக்கு எடுத்தது. மூன்று ஆட்டம். இந்திய வம்சாவளியில் என்.பி.ஏ.யில் ஆடிய முதல் ஆள் அவர்தான். பிறகு தாய்வானுக்குப் போய் ஆடினார்.


#10 | இடதுகை | புதன் மாலை 3.10

வணக்கம். நான்தான் அந்த மருமகன். மாமா இந்த இழையை எனக்கு அனுப்பினார்.

கிண்ணியா நானா கேட்டபடி நேற்று கழகத்தில் போய்க் கேட்டேன். கோச் நேராகச் சொன்னார். எதிரணி ஸ்கிரீன் போட்டால், அதாவது அவர்களில் ஒருவன் என் வழியை மறித்து நின்றால், நான் எங்கே போவது என்று தெரியாமல் ஒவ்வொரு தடவையும் வேறு பக்கம் போகிறேனாம். பந்து கையில் இருக்கும்போது நல்லாய் ஆடுகிறேன், பந்து இல்லாத நேரம் தொலைந்துபோகிறேன் என்றார். எனக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தால் மூன்று கழகத்திலும் மூன்று விதமாகச் சொல்லித் தந்தார்கள், நான் மூன்றையும் குழப்பி வைத்திருக்கிறேன்.

விடாமுயற்சி கதைகள் எல்லாம் வாசித்தேன், நல்லாய் இருக்கு. ஆனால் எனக்கு வேறு ஒன்று தெரிய வேண்டும். இஷ் ஸ்மித் நத்தாருக்கு முதல் நாள் அணி மாறி, இரண்டு நாளில் ஃபீனிக்ஸில் ஆடினார் என்று மாமா எழுதியிருக்கிறார். அந்த அணியின் ஆட்டமுறை அவருக்கு எப்படித் தெரியும்? அவர் பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துகிற பாய்ன்ட் கார்ட், மற்ற நாலு பேரையும் அவர்தானே நிறுத்த வேண்டும்? இரண்டு நாளில் எப்படிப் படித்தார்?


#11 | ஸ்காபரோ கோணமலையான் | புதன் மாலை 5.25

தம்பி, இந்த இழையில் இதுவரை யாரும் கேட்காத நல்ல கேள்வி. நான் இங்கே சின்னப் பிள்ளைகளுக்கு வார இறுதியில் பழக்குகிறேன், தெரிந்ததைச் சொல்கிறேன்.

30 அணிகளும் 30 விதமாக ஆடுவதில்லை. அடிப்படை அசைவுகள் குறைவு, பெயர்கள்தான் நிறைய. ஸ்கிரீன் போட்டவன் உடனே கூடையை நோக்கி ஓடுகிற பிக் அண்ட் ரோல் எல்லா இடத்திலும் உண்டு. உயரமான இருவர் ஃப்ரீ துரோ கோட்டின் இரண்டு முனையிலும் நிற்க, நடுவில் நீ பந்தோடு வருவதை 'ஹோர்ன்ஸ்' என்பார்கள். ஒரு அணி அதை நிறத்தின் பெயரால் கூப்பிடும், இன்னோர் அணி விரலைக் காட்டும். அசைவு முன்பே தெரிந்தவன் புதிய இடத்தில் பெயரை மட்டும் படித்தால் போதும். அசைவு தெரியாதவனுக்கு ஒவ்வொரு அணியும் புதுப் பாடம்.

தடுப்பும் அப்படித்தான். ஸ்கிரீன் வரும்போது மூன்று வழியைத் தெரிந்து வைத்துக்கொள். உன் பெரிய ஆள் பின்னால் இறங்கிக் கூடையைக் காத்தால் 'ட்ரொப்'. நீ ஸ்கிரீனைச் சுற்றி உன் ஆளை விடாமல் துரத்த வேண்டும். இருவரும் ஆளை மாற்றிக்கொண்டால் 'சுவிட்ச்'. பந்துக்காரனை ஸ்கிரீன் பக்கம் போக விடாமல் பக்கக் கோட்டை நோக்கித் தள்ளினால் 'ஐஸ்'. உன் மூன்று கோச்மாரும் இந்த மூன்றில் ஒவ்வொன்றைத்தான் சொல்லித் தந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். நீ குழப்பிக்கொள்ளவில்லை தம்பி, மூன்றையும் கற்றிருக்கிறாய். எது எப்போது என்று உரக்கக் கேட்காமல் ஆடியிருக்கிறாய், அவ்வளவுதான். பெரிய ஆள் பின்னால் நின்று கத்த வேண்டும், நீ கேட்டு நடக்க வேண்டும். கத்தாவிட்டால் நீ கேள்.

இஷ் ஸ்மித் வேகமான ஆள். ஆனால் வேகத்துக்காக மட்டும் யாரும் 13 தடவை கூப்பிட மாட்டார்கள். விமானத்தில் இருந்து இறங்கியதும் நாலு பேரை எங்கே நிறுத்துவது என்று தெரிந்தவர், அதற்காகக் கூப்பிட்டார்கள்.


#12 | உவர்மலை | புதன் இரவு 7.30

தம்பி கோணமலையான், இதை அச்செடுத்து வைத்துவிட்டேன். நன்றி.

மருமகன், நாளை மாலை ஐந்தரைக்குக் கூடைப்பந்துத் தளத்துக்கு வா. நான் நாலு பிளாஸ்டிக் கதிரை கொண்டுவருகிறேன். ஒரு கதிரை ஸ்கிரீன், மற்றவை ஆட்கள். 'ட்ரொப்' இருபது தடவை, 'சுவிட்ச்' இருபது, 'ஐஸ்' இருபது. நான் பின்னால் நின்று கத்துகிறேன். பந்து வேண்டாம், முதல் நாள் கால் மட்டும்.


#13 | மனையாவெளி ரீச்சர் | புதன் இரவு 8.02

அந்தத் தளத்தில் என் 15 வயதுப் பெண்பிள்ளைகள் ஐந்தரை வரை இருப்பார்கள். கதிரை போடுவதற்குப் பதிலாக நாலு பேரை நிற்க வைக்கிறேன், அவர்களுக்கும் பழக்கம். தம்பி, சனிக்கிழமை அவர்களுக்குப் பயிற்சி ஆட்டம், மத்தியஸ்தர் ஒருவர் வேண்டும். விதிப் புத்தகம் என்னிடம் இருக்கிறது. மத்தியஸ்தர் பரீட்சைக்கு உன் வயது போதும், அதைப் பற்றியும் கதைப்போம்.


#14 | இடதுகை | புதன் இரவு 8.20

வருகிறேன் ரீச்சர். மாமா, கதிரையும் ஒன்று கொண்டுவாங்க, கத்திக் கத்திக் களைத்தால் இருக்கலாம். சப்பாத்தை எடுத்துத் துடைத்து வெயிலில் வைத்திருந்தேன், அடிப்பக்கம் கொஞ்சம் கழன்றிருக்கு. நாளைக் காலையில் என்.சி. வீதியில் தைக்கக் கொடுத்துவிட்டு வருகிறேன்.